கடத்தினாரா, சுமந்தாரா? ‘க்னீக்நெஷீஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

சில வாரங்களுக்கு முன் ஒரு நூலகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சாளர் ஐரோப்பாவின் வடகிழக்கில் இருக்கும் லிதுவேனியாவின் ‘புத்தகக் கடத்தல்காரர்கள்’ பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “ஏன் தம்பி, எந்த லைப்ரரியில திருடினாங்களாம்?” என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. அந்தத் தமிழைக் கேட்டால் யாருக்கும் அதுதான் தோன்றும். இதற்கு முன்பே ஒரு வார இதழிலும் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரையிலும் இதே தொடரைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். மூன்றாவது முறை பொறுக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அப்போது லிதுவேனியா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. 1863இல் அந்தப் பேரரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டதும், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடுவது தடைசெய்யப்பட்டது. ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்தில் அச்சிட்டால் தடையில்லை. 1864இல் வந்த இந்தத் தடை 1904வரை, நாற்பது வருடம் நீடித்தது. மக்கள் சிரிலிக் புத்தகங்களைத் தொடவில்லை. எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த பிரஷ்யாவில், முக்கியமாக டில்சிட் நகரில், தங்கள் எழுத்தில் ஜெபப் புத்தகம், அரிச்சுவடி, பஞ்சாங்கம் என்று அச்சிட்டு, இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர்களில் வலன்ச்சுஸ் என்ற கத்தோலிக்க ஆயர் முக்கியமானவர். பிடிபட்டால் புத்தகம் நெருப்புக்கு, ஆள் சிறைக்கோ சைபீரியாவுக்கோ. சிலர் எல்லையிலேயே சுடப்பட்டார்கள்.

அப்படிக் கொண்டுவந்தவருக்கு லிதுவேனியர் வைத்த பெயர் ‘க்னீக்நெஷீஸ்’. ‘க்னீகா’ என்றால் புத்தகம். ‘நெஷ்தி’ என்றால் சுமப்பது, தூக்கிச் செல்வது. ஆக, புத்தகம் சுமப்பவர். சொற்பிறப்பு அவ்வளவுதான், அதில் ஒரு மர்மமும் இல்லை.

இதில் ‘கடத்தல்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்திலிருந்து. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஸ்மக்லர்’ என்ற சொல்லைப் போட்டு எழுதுகிறார்கள். நம்மவர் அகராதியைத் திறந்தார், கடத்தல்காரர் என்று இருந்தது, வேலை முடிந்தது. மூலமொழியில் அந்தச் சொல் எதனால் ஆனது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை.

லிதுவேனிய மொழியில் கடத்தல்காரருக்குத் தனிச்சொல் இல்லையா என்றால், இருக்கிறது: ‘கொன்த்ரபந்தினின்காஸ்’. சுங்கம் கட்டாமல் சரக்குக் கொண்டுவருபவர் அவர். அந்தச் சொல்லைப் புத்தகம் கொண்டுவந்தவருக்கு மக்கள் சூட்டவில்லை. அப்புறம், ‘லைஷ்கநெஷீஸ்’ என்று இன்னொரு சொல் உண்டு. ‘லைஷ்காஸ்’ என்றால் கடிதம். கடிதம் சுமப்பவர், அதாவது நம்ம தபால்காரர்! இரண்டு சொல்லிலும் வால் ஒன்றேதான். தபால்காரரைக் கடிதக் கடத்தல்காரர் என்று எழுதுவோமா?

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. “கடத்து என்றால் கடக்கச் செய் என்றுதானே பொருள்? எல்லையைக் கடக்கச் செய்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது” என்றார். வேரில் சரிதான். நாற்றம் என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் நறுமணம் என்றுதான் பொருள். இன்று மல்லிகைக்கு அதைப் போட்டால் பூக்காரம்மா சும்மா விடுவாரா? கடத்தல் என்றதும் இன்றைய தமிழ் வாசகர் மனத்தில் வருவது தங்கம், செம்மரம், ரேஷன் அரிசி. போதாததற்கு ஆள்கடத்தல், குழந்தைக் கடத்தல் வேறு. புத்தகத்தைக் கடத்தி வைத்துக்கொண்டு யாரிடமாவது பணம் கேட்டார்களோ என்று நினைக்கவும் இடமிருக்கிறது.

நண்பரின் அடுத்த வாதம் இன்னும் கொஞ்சம் பலமானது. சுமப்பவர் என்றால் ஆபத்து தெரியவில்லையே என்றார். உண்மைதான், தெரியவில்லை. ஆனால் லிதுவேனியச் சொல்லிலும் அது தெரியாது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் குற்றவாளிகள். ஊரார் பார்வையில் மூட்டை சுமந்து வருகிற மனிதர்கள். ஊரார் பார்வையை அந்தச் சொல் எடுத்துக்கொண்டது. ஆபத்தை நாற்பது வருட வரலாறு அதற்குள் கொட்டி நிரப்பியது. தமிழில் கடத்தல்காரர் என்று எழுதும்போது, நம்மை அறியாமலே ரஷ்ய எல்லைக் காவலரின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் போர் அருங்காட்சியகத் தோட்டத்தில் ஸிகாராஸ் என்ற சிற்பி செய்த சிலை ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் க்னீக்நெஷீஸ்தான். அந்த ஆளின் முதுகில் இருப்பது மூட்டை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நூற்கடத்தி’ என்று ஒருவர் ஆக்கியிருப்பதைப் பார்த்தேன். மின்கடத்தி மாதிரி, செம்புக் கம்பிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சொல். ‘நூல்சுமப்போர்’ என்றால் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நூல் பேல் இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காவுதல் என்று சுமத்தலுக்கு ஓர் அழகான பழஞ்சொல் உண்டு. காவடியில் இருப்பது அதுதான். இலங்கையில் ‘நோய்க்காவி’ என்று இன்றும் இயல்பாக எழுதுகிறார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ‘புத்தகக்காவி’ என்று எழுதிவிட்டு, நான் சொல்வது நிறத்தை அல்ல என்று ஒரு பக்கம் விளக்கம் எழுத எனக்குத் தெம்பில்லை.

என் பரிந்துரை ‘புத்தகச் சுமைகாரர்’. தபால்காரரோடு ஒரே வரிசையில் வந்து நிற்கிறது, லிதுவேனியத்தில் இருப்பதைப் போலவே. புத்தகம் வடசொல், நூல் என்றோ ஏடு என்றோதான் எழுத வேண்டும் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: ‘க்னீகா’வே ரஷ்யம் போன்ற ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த சொல் என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது. மொழித்தூய்மையில் லிதுவேனியர் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். அவர்களே அதைத் துரத்தவில்லை.

இது ஒரு சொல்லின் வியாதியும் அல்ல. ‘ஸ்கைதீக்லா’ என்ற லிதுவேனியச் சொல்லை ‘படிக்கும் அறை’ என்று எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல், ஆகவே தமிழிலும் இரண்டு. மூலத்தில் அது ஒரே சொல்: ‘ஸ்கைதீதி’ என்றால் படிப்பது, ‘ஈக்லா’ என்பது இடத்தைக் குறிக்கும் விகுதி. நம்மிடம் தெருவுக்குத் தெரு பலகை மாட்டிய ‘படிப்பகம்’ இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ‘வாசிகசாலை’ இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு அறை தேடுகிறார்கள். இத்தனைக்கும் ‘ஸ்கைதீதி’ சுவையான சொல். எண்ணிக்கைக்கும் எண்ணுக்குமான சொற்கள் அதே வேரில் பிறந்தவை. எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகிய நமக்கு அது உடனே பிடிபட்டிருக்கும். ஆங்கிலம் வழியாக வந்ததில் அது வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

க்னீக்நெஷீஸ் ஆண்பால். இந்த வேலையைப் பெண்களும் செய்தார்கள், அவர்களுக்கு ‘க்னீக்நெஷே’ என்று தனி வடிவம் உண்டு. தமிழில் ‘சுமைகாரர்’ இருபாலுக்கும் பொதுவாக நின்றுவிடும். பெண் என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ‘புத்தகச் சுமைகாரி’ என்று எழுதலாம், பூக்காரி, பால்காரி மாதிரி.