ரேண்டம் என்றால் சமவாய்ப்பா?

நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ரேண்டம் என்பதற்குச் சமவாய்ப்பு என்றுதான் இருக்கும்: சமவாய்ப்புச் சோதனை, சமவாய்ப்பு மாறி. பரீட்சைக்கு அது போதும். கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆராயும் கணிமைக் கோட்பாட்டுப் பக்கம் வந்தால்தான் காலை வாரிவிடும்.

ஒரு நாணயத்தை 20 தடவை சுண்டுங்கள். இருபதும் தலையாக விழ 10,48,576-இல் ஒரு வாய்ப்பு. தலையும் பூவும் கன்னாபின்னாவென்று கலந்து விழுந்த ஒரு குறிப்பிட்ட வரிசைக்கும் அதே வாய்ப்புதான், கூடக் குறைய இல்லை. வாய்ப்பு சமம், ஆனாலும் முதல் வரிசையை ரேண்டம் என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஏன்? 'இருபது தலை' என்று இரண்டே சொல்லில் அதைச் சொல்லிவிடலாம். மற்றதை முழுக்க ஒப்பித்தாக வேண்டும். 1965-இல் ரஷ்யக் கணிதர் கொல்மோகோரோவ் இதைத்தான் அளவுகோலாக்கினார்: வரிசையை அச்சிடும் மிகச் சிறிய கணினி நிரல், அந்த வரிசையின் நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் அது ரேண்டம். முடிவில்லாத வரிசைகளுக்கு சுவீடன் கணிதர் மார்ட்டின்-லோஃப் மறுவருடம் வரையறை தந்தார்.

எங்கள் கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக் குதிரை பார்த்திருப்பீர்கள். 'ஏரியை ஒரு சுற்று' என்றால் போகும் வழி மொத்தமும் அதில் அடக்கம். அதே குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு மூடுபனிக்குள் ஓடிவிட்டால், எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதுதான், சுருக்க வழியில்லை. குதிரையைச் சும்மா இழுக்கவில்லை. ரேண்டமின் வேரான பழைய பிரெஞ்சுச் சொல் ராண்டோனுக்குத் தலைதெறிக்கப் பாய்ந்தோடும் வேகம் என்றே பொருள்.

சரி, தமிழில்? இலங்கையில் எழுமாற்று என்பார்கள். எதேச்சை காதுக்கு இதம், ஆனால் அது 'விருப்பப்படி' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது, உள்ளே ஒருவரின் இஷ்டம் ஒளிந்திருக்கிறது. என் ஓட்டு தற்போக்குக்கு. தன் + போக்கு, அறுத்துக்கொண்டு ஓடிய குதிரையேதான்.

பை (π) என்னும் எண்ணின் இலக்கங்கள் பார்வைக்குத் தாறுமாறு, ஆனால் ஒரு குட்டி நிரல் அத்தனையையும் வரிசையாகக் கக்கிவிடும் என்பதால் அவை தற்போக்கு இல்லை. அப்படியானால் எது தற்போக்கு என்று சோதித்துச் சொல்ல ஒரு நிரல் எழுதலாமே என்றால், எல்லா வரிசைக்கும் பொருந்தும்படி எழுதவே முடியாது. ஒரு நிரல் ஓடி நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரலுக்கும் சொல்லிவிடும் நிரல் இருக்க முடியாது என்று 1936-இல் ஆங்கிலேயக் கணிதர் டூரிங் காட்டிய நிறுத்தச் சிக்கல் இங்கேயும் குறுக்கே நிற்கிறது.