சதவீதமா, விழுக்காடா: எதற்கு நூறு?

போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியவரிடம் ஒரு புத்தகம் சதவீதம் என்கிறது, அடுத்தது சதவிகிதம் என்கிறது, மூன்றாவது விழுக்காடு என்கிறது. பேச்சில் எல்லோருக்கும் பர்சென்ட்தான். நான்கும் ஒரே பொருளைக் குறிப்பவை. ஆனால் நான்கும் ஒரே வழியில் வந்தவை அல்ல. ஒன்று வெளிப்படையாகச் சொல்வதை இன்னொன்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. அந்த விடுபட்ட பகுதியில்தான் தேர்வில் பலருக்கும் மதிப்பெண் போகிறது என்பது என் கட்சி.

சதவீதம் என்பதைப் பிரித்தால் சதம், வீதம். சதம் வடமொழியில் நூறு. தமிழுக்கு இது பழகிய சொல்தான்: நூறு பாடல் கொண்ட நூலைச் சதகம் என்கிறோம், கிரிக்கெட்டில் நூறு ஓட்டம் எடுத்தவர் சதம் அடித்தார் என்கிறோம். வீதம் என்பதை ‘ஆளுக்கு இரண்டு வீதம்’, ‘நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வீதம்’ என்ற வழக்கில் பார்க்கலாம். ஒவ்வொரு நூற்றுக்கும் இவ்வளவு என்று வரும் வீதம் சதவீதம். இலங்கைத் தமிழில் முன்பாதியையும் விட்டுவிட்டு ‘50 வீதம்’ என்றே எழுதுவார்கள். அங்கே சதம் என்றால் ரூபாயின் நூற்றில் ஒரு பங்கான காசு.

சதவிகிதத்தில் இருப்பது விகிதம். வடமொழியில் விஹித என்றால் வகுக்கப்பட்டது, ஏற்படுத்தப்பட்டது. விகிதம் சுருங்கித்தான் வீதம் ஆயிற்று என்று கொள்வோரும் உண்டு. ஆனால் இன்றைய கணிதத் தமிழில் இரண்டும் பிரிந்துவிட்டன. 3:5 என்பது விகிதம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வீதம். நூறோடு ஓர் எண்ணை ஒப்பிடுகிறோம் என்று பார்த்தால் சதவிகிதத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு நூற்றுக்கும் இவ்வளவு என்று பார்த்தால் சதவீதமே பொருந்துகிறது. கணக்குப் போட உதவுவது இரண்டாவது பார்வைதான். எப்படி எழுதினாலும் மதிப்பெண் குறையாது. ‘சதவிதம்’ என்று குறில் போட்டு எழுதுவதுதான் பிழை.

பர்சென்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘பெர் கென்டும்’ என்றால் நூற்றுக்கு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஏலத்தில் விற்ற பொருள்களுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி விதித்தார். அந்த வரியின் பெயரே நூற்றிலொன்று என்று பொருள்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லத்தீனின் கென்டும், வடமொழியின் சதம் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. மொழியியலார் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை இரண்டு பிரிவாகக் காட்டும்போது, நூற்றைக் குறிக்கும் இந்தச் சொல்லின் இரு வடிவங்களைக் கொண்டே கென்டும் மொழிகள், சதம் மொழிகள் என்று பெயரிட்டார்கள். பர்சென்டை விலக்கிவிட்டுச் சதவீதம் என்று எழுதுகிறவர், தமக்குத் தெரியாமலேயே அதன் உடன்பிறப்பைத்தான் அழைத்து வருகிறார்.

% என்ற குறியில் இருக்கும் இரண்டு வட்டங்களும் நூறின் இரண்டு பூச்சியங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இத்தாலிய வணிகர்கள் ‘பெர் சென்டோ’ என்பதைக் கணக்கேடுகளில் சுருக்கி எழுதினார்கள். 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளில் அந்தச் சுருக்கத்தின் மேல், சொல்லின் கடைசி ஓகாரம் ஒரு சிறு வட்டமாக நிற்கிறது. எழுதி எழுதித் தேய்ந்து, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நடுவே கோடும் இருபுறம் வட்டமுமாக ஆகிவிட்டது. பிறகு இன்னொரு வட்டத்தைச் சேர்த்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதற்கு ‰ என்ற குறியையும் உண்டாக்கினார்கள்.

சொல்லும் குறியும் எங்கே பிறந்திருந்தாலும், நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் வட்டி வாங்குவது முறையானது என்கிறது அர்த்தசாஸ்திரம். வணிகக் கடனுக்கு ஐந்து, காட்டு வழியே செல்லும் வணிகருக்குப் பத்து, கடல் வணிகருக்கு இருபது என்று அதிலேயே ஏறிக்கொண்டும் போகிறது. ஆபத்து கூடக்கூட வட்டி கூடும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. இன்றைய தமிழில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு இரண்டு, அதுவும் மாதத்துக்கு. நூறும் மாதமும் சொல்லில் இல்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரியும் என்பதால் மறைந்துவிட்டன. தேர்வுத் தாளில் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு வரும். இரண்டு வட்டி அங்கே 24% ஆகிவிடும்.

இனி விழுக்காடு. இதில் வரும் காட்டுக்கும் மரத்துக்கும் தொடர்பில்லை. சாவது சாக்காடு, நோவது நோக்காடு, வேவது வேக்காடு என்பதுபோல விழுவது விழுக்காடு. இங்கே காடு என்பது தொழிற்பெயர் விகுதி. சாக்காடு குறளிலேயே இருக்கிறது என்பதால் இந்த அமைப்பின் வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பங்கு பிரிக்கும்போது ‘ஆளுக்கு எவ்வளவு விழும்?’ என்று கேட்கிறோம் அல்லவா, அந்த விழுதல்தான் இது. பங்கு, வீதம் என்ற பொருள்கள் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இருந்தன. தனித்தமிழில் எழுத விரும்பியவர்கள் சதவீதத்துக்கு ஈடாக இதை எடுத்துக்கொண்டார்கள். மேடையிலும் ஏட்டிலும் நன்றாக ஊன்றிவிட்டது.

ஒரு குறை சொல்ல வேண்டும். விழுக்காட்டில் நூறு இல்லை. நூற்றுவிழுக்காடு என்பதே முழுச் சொல்லாக இருந்திருக்க வேண்டும். நீளம் கருதி யாரும் அப்படி எழுதுவதில்லை. இருந்தாலும் சதவீதத்துக்கு நல்ல தமிழ் எது என்று என்னைக் கேட்டால் விழுக்காடு என்றே சொல்வேன். எதன்மேல் எவ்வளவு விழுகிறது என்ற கேள்வியை அந்தச் சொல்லே கேட்க வைக்கிறது. அதோடு ‘நூற்றுக்கு’ என்ற நான்காம் வேற்றுமையையும் மறக்காமல் இருந்தால் போதும். ‘நூற்றுக்கு நூறு உண்மை’ என்று எந்தப் பாடமும் படிக்காமலே சொல்கிறோமே, அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

கணக்குக்கு வருவோம். அடிப்படைக் கேள்விகள் மூன்றே வகை. 480இல் 35% எவ்வளவு என்று பங்கைக் கேட்பது முதல் வகை. பத்து விழுக்காடு 48, அதை மும்மடங்காக்கினால் 144, ஐந்து விழுக்காடு 24, கூட்டினால் 168. பெருக்கி நூறால் வகுப்பதும் சரிதான், ஆனால் பத்தையும் ஐந்தையும் ஒன்றையும் வைத்துக் கட்டுவது மனக்கணக்குக்கு வேகம். 75இல் 60 எத்தனை விழுக்காடு என்று வீதத்தைக் கேட்பது இரண்டாவது. 60/75 என்பது 4/5, நூற்றுக்கு 80. ஓர் எண்ணின் 15% 45 என்றால் அந்த எண் என்ன என்று முழுமையைக் கேட்பது மூன்றாவது. பதினைந்துக்கு 45 என்றால் ஒன்றுக்கு 3, நூற்றுக்கு 300. தேர்ச்சிக்கு 40% வேண்டும், ஒருவர் 150 எடுத்து 30 மதிப்பெண்ணில் தோற்றார், மொத்த மதிப்பெண் எவ்வளவு என்ற கேள்வியும் இதுவே: தேர்ச்சி மதிப்பெண் 180, அது நாற்பதுக்கு, நூற்றுக்கு 450.

25இல் 48% கேட்டால் திகைக்க வேண்டாம். 48இல் 25% என்று திருப்பிப் போட்டால் விடை 12 என்று கண்ணுக்கே தெரியும். இரண்டும் எப்போதும் சமம்.

இங்கே பழந்தமிழ்ப் பின்னங்களை இழுத்து வருவதற்கு எனக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. கால் 25%, அரைக்கால் 12.5%, இருபதில் ஒன்றாகிய மா 5%, எண்பதில் ஒன்றாகிய காணி 1.25%. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று, 6.25%, வீசம் என்பதும் அதுவே. அர்த்தசாஸ்திரத்தின் மாத வட்டியைத் தமிழ்க் கணக்கில் சொன்னால் ஒன்றுக்குக் காணி. ‘முக்காலே மூன்று வீசம்’ என்று ஏறக்குறைய முழுவதையும் குறிக்கிறோம். முக்கால் 75, மூன்று வீசம் 18.75, ஆக 93.75%. வழக்கில் தேய்ந்துபோன தொடர், கணக்கில் இன்றும் துல்லியமாகவே நிற்கிறது.

தேர்வில் வேகமாகப் போடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். 37.5% என்று கண்டதும் பெருக்கத் தொடங்குவதில்லை. காலே அரைக்கால், அதாவது 3/8 என்று மாற்றிக்கொள்கிறார்கள். 640இல் 37.5% என்றால் எட்டில் ஒரு பங்கு 80, மூன்று பங்கு 240. 62.5% ஐந்து பங்கு, 87.5% ஏழு பங்கு. இவற்றோடு மூன்றிலொன்று 33⅓, ஆறிலொன்று 16⅔, ஏழிலொன்று 14²⁄₇, ஒன்பதிலொன்று 11¹⁄₉, பன்னிரண்டிலொன்று 8⅓ என்பதையும் மனத்தில் வைத்திருந்தால், நீளமான தசமங்களைக் காட்டி மிரட்டும் கேள்விகள் பாதி அடங்கிவிடும்.

மற்றபாதிதான் உண்மையான சோதனை. அங்கே எண்கள் எளிதாகவே இருக்கும். நூறு மட்டும் இடம் மாறும். அ, ஆவைவிட 25% அதிகம் என்றால் ஆ, அவைவிட எத்தனை விழுக்காடு குறைவு? அவசரப்படுகிறவர் 25 என்று குறிப்பார். முதல் வாக்கியத்தில் நூறு ஆவிடம் இருக்கிறது, எனவே அ 125. இரண்டாம் வாக்கியத்தில் நூறு அவிடம் போய்விடுகிறது. வேறுபாடு 25தான், ஆனால் அது இப்போது 125இல் விழுகிறது, ஆகவே ஐந்தில் ஒன்று, 20%. தமிழ் இங்கே உதவிக்கு வருகிறது. ‘விட’ என்ற சொல் எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அதுதான் நூறு. ‘இல்’ வந்தாலும் அப்படியே. கேள்வியைப் படிக்கும்போது அந்த உருபின் கீழே ஒரு கோடு போடுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது பலன் தரும்.

ஓர் எண்ணை 20% கூட்டி, பிறகு 20% குறைத்தால் பழைய எண் வராது. 100, 120 ஆகிறது. இரண்டாம் 20% விழுவது 120இன்மேல், அது 24. மிச்சம் 96. இழப்பு 4%. முதலில் குறைத்துப் பிறகு கூட்டினாலும் அதே 96தான். அடுத்தடுத்து வரும் 10%, 20% தள்ளுபடிகள் 30 ஆகாமல் 28இல் நிற்பதற்கும் காரணம் இதுவே: இரண்டாவது தள்ளுபடி 90இன்மேல் விழுகிறது. அடுத்தடுத்த இரண்டு மாற்றங்கள் a%, b% என்றால் மொத்த மாற்றம் a + b + ab/100 என்ற சூத்திரத்தை, குறைவுக்குக் கழித்தல் குறி போட்டு, மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் அதிலுள்ள ab/100 என்ன என்று தெரியாமல் செய்தால், மூன்று மாற்றங்கள் வரும் கேள்வியில் கை நின்றுவிடும். அது ஒரு மாற்றத்தின்மேல் விழும் இன்னொரு மாற்றம், அவ்வளவுதான்.

நூறு இடம் மாறுவதற்கு எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 100 கிலோ காயில் 99% நீர். வெயிலில் காய்ந்து நீர் 98% ஆகிறது. இப்போது எடை எவ்வளவு? 99 கிலோ என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். விடை 50 கிலோ. நீர் மாறும், மொத்தமும் மாறும். மாறாமல் இருப்பது நீரல்லாத ஒரு கிலோ மட்டுமே. முன்பு அது 1%, இப்போது 2%. நூற்றுக்கு இரண்டு ஒரு கிலோ என்றால் நூறு ஐம்பது கிலோ. கலவைக் கணக்குகள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். மாறாத பொருளைப் பிடித்தால் வழி திறந்துவிடும்.

எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இல்லை. தேர்தலில் இருவரே போட்டியிட்டு, வென்றவர் 60% வாக்கு பெற்று 400 வாக்கு வேறுபாட்டில் வென்றால், தோற்றவருக்கு 40%, வேறுபாடு 20%, மொத்தம் 2000. ஒரு பாடத்தில் 35%, இன்னொன்றில் 25%, இரண்டிலும் 10% தோல்வி என்றால் 35 + 25 − 10 = 50% தோல்வி, மீதி 50% இரண்டிலும் தேர்ச்சி. நூறு இங்கே ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, நேராகக் கூட்டிக் கழிக்கலாம்.

சதவீதத்தோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள் உண்டு. தேர்ச்சி வீதம் 40%இலிருந்து 50% ஆனால் உயர்வு எவ்வளவு? பத்து விழுக்காடு என்று எழுதினால் தவறு. நாற்பதின்மேல் பத்து என்பது நான்கிலொன்று, எனவே உயர்வு 25%. பத்து என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் பத்துச் சதவீதப் புள்ளி என்று எழுத வேண்டும். வட்டி விகித மாற்றத்தை எழுதும்போது செய்திகளில் இந்தப் புள்ளி அடிக்கடி உதிர்ந்துவிடுகிறது. விளக்கப்படத்தைக் கொடுத்துக் கேட்கும் தேர்வுக் கேள்வியில் அதே இடத்தில்தான் பொறி இருக்கும்.

மற்றொன்று பெர்சன்டைல். தமிழில் நூற்றுமானம். 90 விழுக்காடு பெற்றவர் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் பெற்றவர். 90ஆவது நூற்றுமானத்தில் இருப்பவர், தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினரைவிட முன்னே நிற்பவர். வினாத்தாள் கடினமாக இருந்தால் அவருடைய மதிப்பெண் ஐம்பதாகக்கூட இருக்கலாம். முதலாவதில் நூறு மதிப்பெண்ணைக் குறிக்கிறது, இரண்டாவதில் ஆள்களை.