ஏட்டுக் கலோரியும் இலைக் கலோரியும்

எடைக் குறைப்புச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கி, உயரம், எடை, வயது எல்லாம் கொடுத்து, வாரத்துக்கு ஒரு கிலோ குறைய வேண்டும் என்று ஆசையோடு தட்டிப் பாருங்கள். பெண்களில் பலருக்கு அது 1200 என்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் 1200, அவருடைய நாத்தனாருக்கும் 1200. இது அவரவர் உடலுக்காகப் போட்ட கணக்கு அல்ல. இதற்குக் கீழே போகக்கூடாது என்று பல செயலிகளுக்குள் வைத்திருக்கும் தரை அது. நாம் கேட்கும் வேகம் கட்டுப்படியாகாதபோது கணக்கு உருண்டு வந்து அந்தத் தரையில் நின்றுவிடுகிறது.

வள்ளி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 40, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 72 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் வேலை. அவர் எவ்வளவு சாப்பிடலாம்?

மிஃப்ளின், செயின்ட் ஜியோர் ஆகியோரின் பெயரால் 1990இல் வெளிவந்த சூத்திரம்தான் இன்று அதிகம் புழங்குகிறது. எடையைப் பத்தால் பெருக்கி, அதனுடன் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் மேலும் 161ஐக் கழிக்க வேண்டும். ஆணாக இருந்தால் 5ஐக் கூட்ட வேண்டும். வள்ளிக்கு 1347 கலோரி வருகிறது. நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலும் அவருடைய உடல் செய்யும் செலவு இது. கல்லீரலும் சிறுநீரகமும் இதயமும் இதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. அதாவது, செயலி சொன்ன 1200 வள்ளி படுக்கையில் கிடந்தால் ஆகும் செலவைவிடவும் குறைவு.

உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த எண்ணைச் சுமார் 1.4ஆல் பெருக்குவது வழக்கம். வள்ளிக்கு அது 1885. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரையில், உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரி என்று இருக்கிறது. வள்ளி 17 கிலோ கூடுதல் என்பதால் 1885 நம்பத்தக்க எண்தான். (இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒற்றை அறையில், உணவில் தயமின் என்ற வைட்டமின் குறைவதால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கப்பட்டது. நோய்க்கு அஞ்சி ஆரம்பித்த ஆய்வு, நூறு ஆண்டுகளில் எவ்வளவு தின்றால் போதும் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறது.)

நம்பத்தக்கது என்றேன்; துல்லியமானது என்று சொல்லவில்லை. சூத்திரம் பெரும்பாலானவர்களுக்குப் பத்து சதவீதத்துக்குள் பொருந்தும், சிலருக்கு அதுவும் இல்லை. அதை உருவாக்க அளக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். இந்தியர்களை நேரடியாக அளந்தபோது இத்தகைய சூத்திரங்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதாகவே பலமுறை தெரிந்திருக்கிறது. 1885 என்பது 1700ஆகவும் இருக்கலாம், 2050ஆகவும் இருக்கலாம்.

செலவுக் கணக்கே இப்படியென்றால் வரவுக் கணக்கு இன்னும் மோசம். மூன்று இட்லி என்று எண்ணி எழுதுவோம். பொடியில் குழைத்த நல்லெண்ணெயை யார் எழுதுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி, அதாவது இன்னும் இரண்டு இட்லி. எண்ணெயைத் தாளிக்கும்போது அளப்பது நடக்காத காரியம். அதற்கு எளிய வழி மளிகைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 8200 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்று லிட்டர் தீர்கிறது என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 205 கலோரி. வடை பொரித்து மிச்சமானதைக் கொட்டியிருந்தால் கொஞ்சம் குறையும். கடைப் பஜ்ஜி, உணவகத் தோசை எல்லாம் இந்தக் கணக்கில் சேரவே சேராது.

1992இல் நியூயார்க் ஆய்வாளர்கள், 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அழைத்துச் சோதித்தார்கள். ஐசோடோப்புகள் (வழக்கத்தைவிடச் சற்றுக் கனமான அணுக்கள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் வெளியேறும் வேகத்தை வைத்து உடல் எவ்வளவு எரிக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. அதன்படி அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்பது அநியாயம். சாப்பாடு நினைவில் தங்கும் விதமே அப்படி. நின்றுகொண்டே வாயில் போட்ட முறுக்கையும் பிள்ளை மிச்சம் வைத்த சோற்றையும் மனம் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இனிக் குறைப்புக்கு வருவோம். நாளொன்றுக்கு 400 கலோரியைக் குறைத்து வள்ளி 1485 சாப்பிடுகிறார் என்று கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது என்பது பழைய கணக்கு. மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958இல் எழுதியது. 400ஐ 365ஆல் பெருக்கி 7700ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 19 கிலோ. அப்படியே நீட்டினால் நான்காவது ஆண்டில் வள்ளியே மிஞ்சமாட்டார். கணக்கில் எங்கோ ஓட்டை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஓட்டை இதுதான்: எடை இறங்க இறங்கச் செலவும் இறங்குகிறது. சிறிய உடலுக்குச் சிறிய செலவு. அதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் குறைகிறது, தன்னையறியாமல் செய்யும் சின்னச் சின்ன அசைவுகள் குறைகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் இதையெல்லாம் சேர்த்து ஒரு கணித மாதிரியைத் தந்தார்கள். அதன் சாரம், நாளொன்றுக்கு 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி வர ஓர் ஆண்டு, முழுதும் வர ஏறக்குறைய மூன்று ஆண்டு. வள்ளியின் 400க்கு இது மூன்று ஆண்டில் சுமார் 16 கிலோ, முதல் ஆண்டில் 8 கிலோ. பழைய கணக்கு 19 என்று ஆசை காட்டிய இடத்தில் 8. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். உடல் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. பழைய கணக்குதான் அவர்களை ஏமாற்றியது.

இதே குழுவினர் பின்னாளில் போட்ட இன்னொரு கணக்கு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது. உடலின் எதிர்ப்பில் பெரும்பகுதி வயிற்றிலிருந்துதான் வருகிறது; ‘என் உடல்வாகு மந்தம்’ என்று சொல்லும்போது நாம் குற்றம் சாட்டுவது சிறிய எதிரியை. ஐந்து கிலோ குறைந்த வள்ளிக்குத் தொடக்கத்தில் இருந்ததைவிட 500 கலோரி அளவுக்குப் பசி கூடியிருக்கும். அப்போதும் தாங்கக்கூடிய எண் எது என்பதுதான் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

தாங்கமுடியாத எண் என்ன செய்யும் என்பதற்கு 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை இருக்கிறது. தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால்பங்கு போயிற்று. அதைவிட, மனம் முழுக்கச் சோறானது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், சோர்ந்து கிடந்தார்கள். அந்த அரைப்பட்டினியின் அளவு சராசரியாக 1570 கலோரி. அவர்கள் ஒல்லியான ஆண்கள், நிறைய நடக்க வைக்கப்பட்டவர்கள், ஆகவே வள்ளியோடு நேரே ஒப்பிட முடியாது. ஆனாலும் உணவுத்திட்டம் என்ற பெயரில் ஆண்களுக்கு இன்று எழுதித்தரும் எண்கள் சில அதற்கும் கீழே இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

ஆகவே வள்ளிக்கு 1500ஐ ஒட்டிய எண் போதும். பசி படுத்தினால் 1600. அதில் பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் கூடுதலாக இருப்பது நல்லது. புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிப்பதிலேயே செலவாகிறது. பசியும் தள்ளிப்போகிறது, தசையும் அதிகம் கரையாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் இருந்தவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

பிறகு தராசு. முதல் வாரம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் மகிழ்ந்துவிடக் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் என்ற அளவில் அதனோடு இருந்த நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அதில் சொற்பம். உப்பு கூடிய ஒரு விருந்து, மாதவிடாய் நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் தராசை ஒரு கிலோ அளவுக்கு ஏற்றி இறக்கும். தினமும் காலையில் நின்று, வாரச் சராசரியை மட்டும் பார்ப்பதே வழி.

முதல் வாரத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த நான்கு வாரத்தில் வள்ளியின் சராசரி 0.8 கிலோ இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். குறுகிய காலத்துக்கு 7700 கணக்கு கைகொடுக்கும்: 0.8ஐ 7700ஆல் பெருக்கி 28 நாளால் வகுத்தால் 220. தாளில் 400 என்று இருந்த பற்றாக்குறை உடலில் 220ஆக இருந்திருக்கிறது. மிச்சம் 180 எங்கே போனது? சூத்திரம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம், எண்ணெய் எழுதப்படாமல் போயிருக்கலாம், இரண்டும் இருக்கலாம். அதைத் துப்பறிய வேண்டிய அவசியம் இல்லை. இந்த வேகம் போதும் என்றால் அப்படியே விடலாம். போதாது என்றால் மாலை டீயில் சர்க்கரையை விட்டு, இரவுத் தோசையில் ஒன்றைக் குறைத்து, இன்னும் நான்கு வாரம் பார்க்கலாம்.

வள்ளியின் நோட்டில் இருக்கும் 1485 உண்மையில் 1650ஆகவே இருக்கலாம். தாளிப்பு எண்ணெயை அவர் என்றுமே எழுதியதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி எழுதாமல் விட்டிருக்கிறார். தராசுக்கு அது போதும்.