அறுப்பின் பண்டிகை ஏலமும் ஓர் அளவு நாடாவும்

கடலூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் நடக்கும் ஏலம்தான் விசேஷம். வாழைத்தார், பரங்கிக்காய், கரும்புக்கட்டு, பண்ருட்டி முந்திரி, கால் கட்டின நாட்டுக்கோழி எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும். நாலு முருங்கைக்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம் போகும். சிரிப்பும் கைதட்டலுமாக மதியம் ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் ஏலத்தின்போது கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றேகால் வயதுப் பையன், கையில் கிரீம் பன். கன்னம் உப்பியிருந்தது. "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று பின்னாலிருந்த பாட்டி கொஞ்சினார். எனக்கோ அவன் பாதத்தின் மேல் கண் போயிற்று. கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, மூன்று எண்ணி, விரலை எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது. மற்றப் பாதத்திலும் அதே கதை. அது சதை இல்லை, நீர்.

நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் டயட்டீஷியன். இரண்டு பாதத்திலும் இப்படிக் குழி விழும் வீக்கம், அதற்கு வேறு நோய் காரணமில்லை என்றால், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று படித்தவள். "சோறு ஊட்டினா துப்பிடறான்க்கா. டீயில பிஸ்கட் தொட்டுக் குடுத்தா மட்டும் தின்றான்" என்றாள் அந்தத் தாய். மறுநாள் வார்டில் சேர்த்தோம், பிழைத்தான். இன்றுவரை என்னை உறுத்துவது வேறொன்று. அவர்களை அதற்கு முன் பத்து ஞாயிற்றுக்கிழமையாவது நான் பார்த்திருப்பேன். "ஸ்தோத்திரம்" சொல்லிக் கைகுலுக்கியிருப்பேன்.

பிரசங்கத்தில் உலகப் பசி என்று வந்தால் ஆப்பிரிக்காதான் வரும். 2024-இல் உலகில் பசியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 67 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. நம் ஊர்க் கணக்கையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சத்துணவு இருக்கும் மாநிலத்தின் கணக்கு இது, காலை உணவு அதற்குப் பிறகு 2022-இல் வந்தது. அந்த இரண்டும் பள்ளிக்கூடத்தில் கிடைப்பவை. மூளையும் உடம்பும் வேகமாக வளர்வதோ கரு உண்டானதிலிருந்து இரண்டு வயது வரை. அந்தப் பருவத்தில் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது, டீயும் பிஸ்கட்டுமாக.

சபைகள் ஒன்றும் செய்யாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணிப் பொட்டலம், புயல் வந்தால் அரிசி மூட்டை. ஆனால் ரேஷன் அரிசி இங்கே விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழை வீட்டில் குறைவது பருப்பு, முட்டை, எண்ணெய், பால். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதை விடாமல் செய்துவருகிறார்கள். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பிடி அரிசியைப் பிடி பருப்பாக மாற்றுங்கள். "பருப்பு விக்கிற விலைக்கா?" என்றார் ஓர் அம்மா. அந்த விலையால்தானே அந்த வீட்டில் பருப்பு இல்லை!

பிரியாணியைப் பற்றி இன்னொன்று. வற்றிப்போன குழந்தைக்குத் திடீரென்று வயிறு முட்டச் சாப்பாடு கொடுப்பது ஆபத்து. பட்டினிக்குப் பழகிய உடம்பில் இரத்தத்தின் உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறலாம். அதனால்தான் வார்டில்கூட முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நீர்த்த பால் கலவைதான் கொடுப்போம். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சபை செய்ய வேண்டிய உதவி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது.

யார் அப்படிப்பட்ட குழந்தை என்று கண்டுபிடிக்க ஒரு நாடாவும், வீக்கம் இருக்கிறதா என்று பாதத்தை அழுத்திப் பார்க்க ஒரு கட்டைவிரலும் போதும். நாடாவை இடது மேற்கையின் நடுவில் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிவப்பு, உடனே மருத்துவமனை. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்ட வேண்டும். அதற்கு மேல் பச்சை. ஞாயிறு பள்ளி டீச்சருக்கு இதைக் கற்றுக்கொடுக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு அளக்கிறோம். அளவை மைக்கில் சொல்லக் கூடாது, தாயிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று ஆயர் அம்மா ஒரு சட்டம் போட்டார். நல்ல சட்டம்.

அங்கன்வாடியோடு போட்டி வேண்டாம். அங்கே தரும் சத்துமாவுப் பாக்கெட் சில வீட்டில் பிரிக்காமலே கிடக்கும், காரணம் கேட்டால் "புள்ளைக்குப் பிடிக்கல". எங்கள் பெண்கள் ஐக்கியத்தார் அதில் நெய் விட்டு உருண்டை பிடித்தார்கள், முருங்கைக்கீரை போட்டு அடை சுட்டார்கள். பிள்ளைகள் தின்றார்கள். மஞ்சளில் நிற்கும் குழந்தைக்குச் சபைச் செலவில் தினம் ஒரு முட்டை. அவ்வளவுதான் எங்கள் திட்டம், பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உபவாசம் இருந்து மிச்சப்படுத்தும் காசு எங்கே போகிறது? நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஈஸ்டர் வருவதும் ஏறத்தாழ அந்தச் சமயம்தான். அரசு நிவாரணத் தொகை தருகிறது. ஆனாலும் தேவனாம்பட்டினம், தாழங்குடா மீனவ ஊர்கள் பக்கம் அந்த இரண்டு மாதம் கையிருப்பு கரைவதை வார்டுக்கு வரும் குழந்தைகளின் எடைச் சீட்டில் நான் பார்க்கிறேன். உபவாசக் காணிக்கையை அந்த 61 நாளுக்கு முட்டையாகவும் பருப்பாகவும் மாற்றலாம். அங்கே நம் சபையார் அதிகம் இல்லையே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அதனால்தான் அங்கே என்றேன். பொட்டலத்தில் வசனம் அச்சடிக்க வேண்டாம், வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். இதில் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை, தெரியும். இறந்துபோன யவீருவின் மகளை எழுப்பின பிறகு இயேசு சொன்னது அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதுதான். நம் மாவட்டத்திலேயே வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. சாப்பிட வருகிறவரிடம் அங்கே யாரும் சாதி மதம் கேட்பதில்லை.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதில்லை: 2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 மழை. ஒவ்வொரு தடவையும் நல்ல மனதோடு பால்பவுடரும் பால்புட்டியும் வந்து இறங்கும். தயவுசெய்து அதைப் பொதுவாக விநியோகிக்காதீர்கள். வெள்ளம் புகுந்த ஊரில் சுத்தத் தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்கவைக்க அடுப்பு இல்லை. தாய்ப்பாலை விட்டுப் புட்டிக்கு மாறிய குழந்தை நாலே நாளில் வயிற்றுப்போக்கோடு வரும். முகாமில் பாலூட்டும் தாய்க்கு மறைவான ஓர் இடமும் ஒருவேளை கூடுதல் சாப்பாடும் கொடுத்தால் அதுவே பெரிய நிவாரணம். தாயில்லாத குழந்தை, பால் கொடுக்க முடியாத தாய் என்றால் மருத்துவரிடம் விடுங்கள். தூர தேசத்துப் பஞ்சத்துக்கு உதவுவதென்றால் பொருளைவிடப் பணம் நல்லது. கப்பல் செலவு மிச்சம், அங்கே விளைந்ததை அங்கேயே வாங்கினால் அந்த விவசாயியும் பிழைப்பார்.

போன வருஷ ஏலத்தில் முட்டைத் தட்டு ஒன்று எண்ணூறு ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் வழக்கம்போல அதைப் பீடத்தில் திரும்ப வைக்கப் போனார். ஆயர் அம்மா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டு, மஞ்சள் பட்டியலில் இருந்த மூன்று வீட்டுக்கு அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஏல வரவு குறைந்துவிட்டது என்று பொருளாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.