பாயிண்ட் வைக்கும் முன்

ஒடுகத்தூர் பக்கம் இரண்டரை ஏக்கர் நிலம். அதில் நான்கு போர்வெல். மூன்று காய்ந்து போனவை. நான்காவது அரை மணி நேரம் ஓடினால் காற்றைக் கக்கும். ஐந்தாவது போடுகிறோம், வந்து பாயிண்ட், அதாவது துளை போட வேண்டிய இடம், பார்த்துக் கொடுங்கள் என்று பெரியவர் போன் செய்திருந்தார். நிலத்தின் மின்தடையை அளக்கும் மீட்டரையும் கம்பிச் சுருளையும் தூக்கிக்கொண்டு போனேன். பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார்: "தண்ணி கீதா சார்?"

இருபது வருஷமாக இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு போர் தோற்பதற்குப் பாறை ஒரு காரணம். ஆனால் துளை போடும் வண்டி வருவதற்கு முன் யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒரு போர் போடும் இடத்தைச் சுற்றி நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து நீரோட்டம் சொன்னவர் ஒருவர். வண்டி பேசிவிட்ட ஏஜெண்ட். திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் அதன் ஆட்களும். மீட்டரோடு நான். இத்தனை பேருக்கும் தண்ணீர் வந்தாலும் காசு, வராவிட்டாலும் காசு. வண்டிக்காரருக்கு அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆழம் போகப் போக அடிக்கான ரேட்டும் ஏறும். இதில் யாரையும் திருடன் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் டீசல் எரிகிறது, அவருக்கும் வட்டி கட்ட வேண்டும். ஆனால் அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கேள்வி 'எத்தனை அடி'தான். நான் நிற்கும் இடத்திலிருந்து 'எந்த இடம்'. புகை பறந்தால் நஷ்டப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர். அவர்தான் மற்ற எல்லாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

புகை என்றது ஈரமே இல்லாத பாறைத் தூளை. கம்ப்ரசர் காற்று அதை மேலே அடித்துத் தள்ளும்போது வெள்ளையாகப் பறக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில், அறுநூறு அடியிலும் அந்தப் புகை நிற்காமல் பறப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நேரத்து மனசு தெரியும். ராடு மாட்டுகிற பையன் திரும்பிப் பார்ப்பான். ஏஜெண்ட் மெதுவாகச் சொல்வார், "இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னும் ஒரு நூறு பாத்துடலாமே." முடியாது என்று சொல்லிவிட்டால் அதுவரை போட்ட பணம் அந்த நிமிஷமே செத்த பணமாகிவிடும். அதனால் யாரும் சொல்வதில்லை. வீட்டுப் பெண்மணி உள்ளே போய் வளையலோடு வருவார். இதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பாறையின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் எளிது. நம் பகுதியில் அடியில் கிடப்பது சார்னோகைட், நைஸ் மாதிரியான கெட்டிப் பாறைகள். பாறைக்குள் தண்ணீர் கிடையாது. மேலே உக்கிப்போன மண்பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கும். ஆழம் கூடக் கூட, மேலிருக்கும் எடை அழுத்துவதால் வெடிப்புகள் குறுகிக்கொண்டே போகும். எங்கோ ஒருவருக்கு ஆயிரம் அடியில் பீறிட்டு அடித்த கதை உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கதை ஊரெல்லாம் தெரியும். அதே தெருவில் காய்ந்த போர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கல்லை வைத்து மூடிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். (கல்லை வைத்தாவது மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போரில் விழுந்து குழந்தை சுஜித் இறந்தது எல்லாருக்கும் தெரியும். இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து அந்த ஓட்டையை ஒரு தடவை பார்த்தால் போதும்.) அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் நிலத்தைச் சுற்றி எத்தனை போர், அதில் இந்தச் சித்திரையில் எத்தனை ஓடியது? அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டு, எண்ணி, எழுதிக்கொண்டு வாருங்கள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. எனக்கு வருமானம் போச்சு, சரி.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். தண்ணீர் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமாக வந்து, பயமுறுத்திவிட்டுப் போனது. ஆனால் பாலாற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால்தான் அது தண்ணீர் இல்லாத ஆறு. மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஆற்றை நம்பித்தான் இரண்டு கரையிலும் கிணறுகள் இருந்தன. மேலே நின்று பார்த்தவர்கள் காய்ந்த மணல்தானே என்று அள்ளினார்கள்.

மற்றவர்களைப் பற்றியே எழுதினால் நியாயமில்லை. என் கணக்கிலும் ஒன்று இருக்கிறது.

தொழிலுக்கு வந்து மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ. அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம். தம்பி என்னைக் கூப்பிட்டார். மீட்டர் அருமையான இடத்தைக் காட்டியது. ஒருபுறம் அதிக மின்தடை, நடுவில் சட்டென்று சரிவு: வெடிப்புதான், சந்தேகமே இல்லை. வரப்பை ஒட்டி பாயிண்ட் வைத்தேன். இரண்டு இஞ்சுத் தண்ணீர் பீறிட்டது. பூ போட்டார்கள், எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அந்தப் படத்தை வீட்டில் மாட்டிக்கூட வைத்திருந்தேன். அடுத்த கோடையில் அண்ணன் கிணறு வற்றிவிட்டது. அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை; ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வரப்பு தாண்டி இன்னா கீதுன்னு உன் மிசின் காட்டாதா?" காட்டியிருக்கும். நான் கம்பியை அந்தப் பக்கம் இழுக்கவில்லை. வெடிப்புக்கு வரப்பு தெரியாது என்பது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். ஆனால் காசு கொடுத்தவர் நின்ற பக்கமே நானும் நின்றுகொண்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது என்று கேள்வி. படத்தைக் கழற்றிவிட்டேன்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது அந்த அண்ணன் நினைவுதான் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது வந்துசேர்ந்த உதவி. ஜோலார்பேட்டையில் காலிக் குடத்தோடு நின்று பார்த்தவர்களுக்கு அது புறப்பட்டுப் போகிற தண்ணீர். இரண்டும் ஒரே ரயில்தான்.

ஒடுகத்தூருக்கு வருவோம். மீட்டர் வேலையெல்லாம் முடித்துவிட்டேன். சுமாரான ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். அங்கே கிடைத்த குறைந்த மின்தடை தண்ணீராகவும் இருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம். மீட்டருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பெரியவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் 'சுமார்' அவருக்குப் போதும் போலிருந்தது. மோர் கொண்டுவந்த அவர் வீட்டு அம்மாவிடம் சும்மாதான் கேட்டேன், "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எங்கிட்ட யாரு கேட்டா தம்பி" என்றார். சொம்பைத் திண்ணையில் வைத்தார். "தண்ணி எங்க கீதுன்னுதான் எல்லாரும் தேடறாங்க. எதுக்குன்னு கேக்கல. ரெண்டு மாடு, வூட்டுப் பொழக்கம், ஒரு காணி மல்லாட்டை. நெல்லு இவுரு கௌரவத்துக்கு."

பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த அம்மாதான் பழைய கிணற்றைக் காட்டினார். முள் மண்டி, ஒரு பக்கம் சரிந்து, பாதிக்குத் தூர்ந்து கிடந்தது. அதில் தை வரைக்கும் தண்ணீர் நிற்கிறது என்றார். நான்கு போருக்குப் பாயிண்ட் பார்த்தவர்களில் ஒருவரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. அம்மா சொல்லியிராவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன். அங்கேயே ஒரு சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறரை இஞ்சு போரில் ஒரு அடி தண்ணீர் ஏறினால் ஆறரை லிட்டர். இருபது அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி ஏறினால் ஏறக்குறைய 8,900 லிட்டர். மெதுவாகக் கசிகிற ஊற்றை ராத்திரி முழுக்கச் சேர்த்து வைக்கக் கிணற்றால் முடியும், போரால் முடியாது. அதோடு சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர், தெளிப்பு நீர்க் கருவிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது.

அப்புறம் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். "போர் போட்டாச்சு, புகைதான் வந்துச்சுன்னு வெச்சுக்குவோம். மறுநாள் காலையில என்ன செய்வீங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கெணத்தத் தூர் எடுப்பேன்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தூர் எடுத்தார்கள். ஒரு காணி மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டார்கள், நெல்லை விட்டார்கள். அந்த வருஷம் மழையும் கை கொடுத்தது, அதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் என் சாமர்த்தியம் என்று எழுதினால் அந்த அம்மா சிரிப்பார்.

போன மாதம் பெரியவர் மறுபடி போன் செய்தார். ராணிப்பேட்டையில் வேலையில் இருக்கும் மகன் பணம் சேர்த்து வைத்திருக்கிறானாம், போர் போட்டே தீருவேன் என்கிறானாம். வந்து அவனிடம் பேசுங்கள் என்றார். நிறுத்தச் சொல்லியா என்று கேட்டேன். "அதில்ல சார்" என்றார். "போட்டா எத்தன அடியில நிறுத்தணும்னு இப்பவே எழுதி, அவங்க அம்மா கையில குடுத்துடலாம்னு."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இந்தத் தடவை கம்பிச் சுருளைக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். அடுத்த நிலத்துக்காரரிடமும் சொல்லி வையுங்கள், வரப்பைத் தாண்டி இழுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.