ஊர்க் கல்லூரியும் வைஃபை கொடுக்கலாம்: பிஎம்-வாணி என்ன சொல்கிறது?

எஸ்டிடி பூத் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் போன் இல்லாதவர்கள் அங்கே போய்ப் பேசிவிட்டு, மீட்டரில் ஓடிய தொகையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதே ஏற்பாட்டை இணையத்துக்குக் கொண்டுவந்ததுதான் பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம். மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9 அன்று இதற்கு ஒப்புதல் கொடுத்தது. அன்றைய தொலைபேசி பூத்தான பிசிஓ போல இன்று வைஃபை தரும் பிடிஓ, அதாவது பப்ளிக் டேட்டா ஆபீஸ்.

டீக்கடைகூட பிடிஓ ஆகலாம் என்பதால் பேச்செல்லாம் கடைகளைப் பற்றியே இருந்தது. எனக்கு என்னவோ கிராமத்து ஓரத்தில் இருக்கும் சிறிய கல்லூரிதான் இதற்குத் தோதான இடமாகப் படுகிறது. அங்கே ஏற்கெனவே கம்ப்யூட்டர் லேப் இருக்கும், ரூட்டர் நின்றுபோனால் பார்க்க ஒரு ஆள் இருப்பார், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பிள்ளைகள் தினமும் வந்து போவார்கள்.

பிடிஓ ஆக உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், அரசுக்குக் கட்டணமும் இல்லை. கல்லூரி செய்ய வேண்டியது மூன்றே காரியம்: ஒரு இணைய இணைப்பு வாங்குவது, பிஎம்-வாணிக்கு ஒத்துப்போகும் வைஃபை கருவியைப் பொருத்துவது, பிடிஓஏ என்ற ஒருங்கிணைப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடுவது. யார் உள்ளே வருகிறார்கள், எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கையெல்லாம் அந்தப் பிடிஓஏ பார்த்துக்கொள்ளும். பயனர் ஒரு செயலியை இறக்கி, தன்னை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், பக்கத்தில் உள்ள வாணி வைஃபை அதில் தெரியும். பணம் கட்டி, வாங்கிய அளவு தீரும்வரை பயன்படுத்தலாம். பிடிஓஏவும் செயலி நிறுவனமும் மட்டும் தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பிடிஓ, பிடிஓஏ, செயலி நிறுவனம் ஆகியவற்றின் விவரம், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டில் இருக்கும்.

இவ்வளவு சுலபமென்றால் ஏன் ஊரெங்கும் இல்லை? 2018-ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை, 2022-க்குள் 1 கோடி பொது வைஃபை இடங்கள் என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூட நாம் போகவில்லை. முக்கியமான முட்டுக்கட்டை இணைப்பின் விலை. பொதுமக்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாலே, வீட்டு பிராட்பேண்ட் கிடையாது, நிறுவனங்களுக்கென்று தனியாகத் தரும் லீஸ்டு லைன் இணைப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. அதன் விலையோ பல மடங்கு. பத்து ரூபாய் வசூலுக்கு யார் அவ்வளவு கட்டுவார்கள்?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூன் மாதம் இதற்கு ஒரு வரம்பு வைத்தது. 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களைப் பிடிஓக்களுக்கும் கொடுக்க வேண்டும். கட்டணம் வீட்டு விலையின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு மாதம் 600 ரூபாய் என்றால் கல்லூரியிடம் 1,200-க்கு மேல் கேட்க முடியாது. கம்பெனிக்காரர் பழைய கதையைச் சொன்னால் இந்த உத்தரவைக் காட்டுங்கள்.

அதற்காக, அலுவலகத்துக்கு ஏற்கெனவே இருக்கும் இணைப்பை அப்படியே வெளியே பகிர்ந்துவிடாதீர்கள். மதிப்பெண், கட்டண விவரம் ஓடும் நெட்வொர்க்கில் வெளியாட்கள் நுழையக் கூடாது. வாணிக்குத் தனி இணைப்பு எடுப்பதே நல்லது.

சரி, வைஃபை வந்துவிட்டது. அதை வைத்து வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கவோ, யுபிஐ மோசடி அழைப்பை அடையாளம் காணவோ யார் சொல்லித்தருவது? வீட்டுக்கு ஒருவர் என்று 14 முதல் 60 வயதுவரை உள்ள கிராமத்தவர்களுக்கு 20 மணி நேரப் பயிற்சி கொடுத்த பிஎம்ஜிதிஷா திட்டம் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆனால் அதன் பாடத்திட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கருவியை இயக்குவது, தேடுவது, மின்னஞ்சல், அரசுச் சேவைகள், பணப் பரிமாற்றம், அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் லேபை ஏழு வரை திறந்துவைத்தால் இறுதியாண்டு மாணவர்களே நடத்திவிடலாம்.

மாணவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை கிரெடிட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி.

பிடிஓஏவுடன் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: வசூலில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, கருவி பழுதானால் செலவு யாருடையது, பயனர் புகாருக்கு யார் பதில் சொல்வது. அப்புறம், கருவியை முதல்வர் அறை வாசலில் மாட்டாதீர்கள். பஸ் ஸ்டாப் பக்கமுள்ள சுவரில் மாட்டினால், கேட் பூட்டிய பிறகும் வெளியே சிக்னல் கிடைக்கும்.