மழை விழுத்திய சன்ஷேட்

"மழைதான் விழுத்தினது, சேர்."

மன்னார் முருங்கன் பக்கம் ஒரு வீட்டின் முகப்புச் சன்ஷேட் விழுந்த மறுநாள் காரணம் பார்க்கப் போனபோது மேசன் முதலில் சொன்னது இது. யாருக்கும் அடிபடவில்லை; கீழே நின்ற சைக்கிள் மட்டும் நசுங்கிக் கிடந்தது. சரி, அந்தக் கார்த்திகை மழை ஒழுங்கை முழுக்கத்தானே பெய்தது?

அயலவர்கள் களிமண்ணைக் குற்றம் சொன்னார்கள். ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குப் போன களி அது. மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். ஆனால் அத்திவாரம் அசைந்திருந்தால் சுவரில் சரிவாக வெடிப்பு ஓடியிருக்கும். சுவர் சுத்தமாக இருந்தது.

நல்லவேளை, உடைசலை இன்னும் ட்ரக்டரில் ஏற்றவில்லை. பல இடங்களில் நான் போய்ச் சேருமுன் முற்றத்தையே கூட்டிவிடுவார்கள். உடைந்த முகத்தில் அளவு நாடாவைப் பிடித்தேன். நாலு அங்குலக் கொங்கிறீற். கம்பி அடியிலிருந்து முக்கால் அங்குலத்தில். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் சன்ஷேட்டுக்கு இழுவை மேற்பக்கம் வரும், கம்பியும் மேலேதான் இருக்கவேண்டும். கீழே கிடந்தால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"மேலதான் கட்டினனான்" என்றார் மேசன். பொய்யில்லை. சுவருக்குள் போன பக்கம் கம்பி மேலேயே இருந்தது. வெளியே வந்ததும் சரிந்து இறங்கியிருந்தது. கொங்கிறீற் கொட்டும்போது தாச்சியோடு நடந்தவர்கள் மிதித்திருக்கிறார்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கக் கீழே ஒரு கட்டைகூட வைக்கவில்லை. இரண்டு வருடம் கொங்கிறீற் தன் சொந்தப் பலத்தில் நின்றிருக்கிறது. பிறகு சன்ஷேட்டின் மேல் விழும் மழைத் தண்ணீர் வடியும் குழாயை வேப்பஞ்சருகு அடைத்துவிட்டது. ஆறு அங்குலத் தண்ணீர் தேங்கினால் சதுர மீற்றருக்கு 150 கிலோ. மழை செய்தது அவ்வளவுதான்.

தீக்கும் இப்படி ஒரு 'மழை' உண்டு: 'ஷோர்ட்', அதாவது வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுப் பொறி பறப்பது. எரிந்த கடையில் நுனி உருண்டு உருகிய செப்பு வயரைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். செப்பு உருக 1085 பாகை வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் உருண்டிருந்தால் அங்கே மின்பொறி பறந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் வேறெங்கோ தொடங்கிய தீ வயரின் உறையை எரித்த பிறகும் அந்த உருண்டை வரும். அது சொல்வது, அந்த நேரம் வயரில் கரண்ட் இருந்தது என்பதை மட்டுமே. நான் முதலில் தேடுவது பிளக்கில் இளகிய ஸ்குரூவை. "ட்ரிப் சுவிட்ச் போட்டிருந்தனே" என்பார் முதலாளி. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கரண்ட் கசிந்தால்தான் விழும். இளகிய இணைப்புச் சூடேறுவது அதற்குத் தெரியாது.

முருங்கனில் கிளம்புமுன் மேசனிடம் கேட்டேன், இதே மாதிரி வேறு எங்கே போட்டீர்கள் என்று. நாலு வீடு தள்ளிக் கை காட்டினார். கீழே ஒரு அம்மா கதிரை போட்டு மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். அன்று பின்னேரமே அதற்கு முட்டுக் கொடுத்தோம்.